மாப்பிள்ளை ட்ரம்ஸில் கை வைக்கக் கூடாது

கல்யாணத்துக்குப் போனால் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? பெண்ணின் சேலை, கழுத்து நகை, சாப்பாட்டு மேசையில் எந்தப் பக்கம் கதிரை காலியாகிறது... எல்லாம் நியாயமான ஆசைகள்தான்.

நான் போன சனிக்கிழமை மாத்தளையில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் வலது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கைகள் தம் பாட்டுக்குக் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன. கண் அந்தக் கறுப்புச் சப்பாத்தை விட்டு நகரவில்லை.

தப்பாக நினைக்காதீர்கள். அந்தக் கால் தாளம் போட ஆரம்பித்தால் கல்யாணமே நின்றுவிடும் – அப்படியொரு நிலைமை. முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் வாரநாட்களில் சங்கீத டீச்சர், வார இறுதியில் கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசிக்கிறவள் என்பது இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. எங்கள் இசைக்குழுவில் பாடகர் நஸீர் நானா. ட்ரம்ஸ், ஜெயராஜ். நகரத்தில் மோட்டார் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது. இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் ட்ரம்ஸ்தான்.

வேறு யாராவது ட்ரம்ஸைத் தப்பாக வாசித்தால் அவனால் பொறுக்க முடியாது. அது ஒரு வியாதி. அவனுடைய நிச்சயதார்த்தத்தில் அந்த வியாதி முற்றிவிட்டது. மோதிரம் மாற்றுகிற நேரம். வாடகைக்கு வந்திருந்த குழுவின் ட்ரம்மர் தாளத்தைக் கொஞ்சம் தவறவிட்டார். ஜெயராஜ் பெண் ரீட்டாவின் விரலைப் பிடித்தபடியே முகத்தைச் சுளித்தான். மறுபடி தவறியது. பல்லைக் கடித்தான். இன்னொரு தடவை தவறியது... விரலை விட்டுவிட்டுப் போய்விட்டான். கோட்டைக் கழற்றி ஓரமாக வைத்து, அந்த மனிதரை எழுப்பி, தானே உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தான். அந்தப் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டும் முடிந்தது. ரீட்டா நீட்டிய விரலோடு நின்றாள். பாதிரியார் மோதிரத் தட்டோடு நின்றார்.

ரீட்டாவின் அப்பா ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரையும் ஒரு பார்வையில் வரிசையாக நிற்க வைத்தவர். அன்றைக்கு அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போடாதவர்களிடம்தானே அதிகம் பயப்பட வேண்டும்?

"மாப்பிள்ளை, கல்யாணத்தன்னிக்கு நீங்க மாப்பிள்ளையா ஒக்காந்திருக்கணும். ட்ரம்ஸ்ல கை வச்சீங்கன்னா, தாலி கட்டியிருந்தாலும் சரி, எம்புள்ளய அங்கேருந்தே வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீங்க அந்த ட்ரம்ஸையே கட்டிக்கிட்டு அழுங்க."

சொன்னால் செய்கிற மனிதர். ரீட்டா என் பழைய மாணவி என்ற உரிமையில் என்னிடம் வந்து அழுதாள்.

"அவரு வேணும்னு செய்யல டீச்சர். அவருக்குக் கை தானாப் போயிடுது. அப்பாவும் சொன்னத மாத்த மாட்டாங்க. எப்படியாவது அன்னிக்கு அவர ஒக்கார வச்சிருங்க டீச்சர்."

இருவரையும் கூப்பிட்டு, வேறு குழுவைப் பிடியுங்கள் என்றேன். ஜெயராஜ் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்தான். "நம்ம குழு இல்லாம எனக்கு என்ன டீச்சர் கல்யாணம்?"

ஆக, எங்கள் குழுதான் வாசிக்க வேண்டும். ட்ரம்ஸில் வேறு ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் ஓரிடத்திலும் தவறக் கூடாது. தவறினால் மாப்பிள்ளை எழும்புவான், மாமனாரும் எழும்புவார்.

விசாரித்ததில் கண்டியில் பெர்னாண்டோ மாஸ்டர் அகப்பட்டார். நாற்பது வருஷமாக மேடை மேடையாக வாசித்தவர். நொட்டேஷன் வைத்தால் பார்த்தவுடன் வாசிப்பார் என்றார்கள். போனில் பிடித்தேன். சிங்களவர்; தமிழ் நன்றாகவே பேசினார்.

"ஒத்திகைக்கு ஒருநாள் வர முடியுமா மாஸ்டர்?"

"எப்படி டீச்சர் வாறது? வேலை முடிஞ்சு பின்னேரம் வந்தா திரும்பிப் போறதுக்கு பஸ் இல்லைதானே. வழியில எத்தனை எடத்துல எறக்கி செக் பண்றாங்க. நீங்க எழுதி அனுப்புங்க. பேப்பர்ல இருந்தா நான் வாசிப்பேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த யுத்த நாட்களில் பொழுது சாய்ந்த பிறகு யார் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்? கல்யாணங்களே பகல் சாப்பாட்டோடு முடிந்துவிடுகின்றன. ஒத்திகை இல்லை என்றால் காகிதம்தான் ஒரே வழி. அதிலும் ஒரு சிக்கல். எங்கள் பாட்டுகளில் முக்கால்வாசி நஸீர் நானாவே எழுதி மெட்டுப் போட்டவை. மாத்தளையைத் தாண்டி ஒருத்தருக்கும் தெரியாது. மாத்தளைக்குள்ளும் பாதிப் பேருக்குத் தெரியாது.

பரவாயில்லை, என்னிடம்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று நினைத்தேன். அதில் இசை எழுதுகிற மென்பொருள் ஒன்றும் இருக்கிறது. ஒரு மாணவன் கண்டியிலிருந்து கொண்டுவந்து போட்டுத் தந்தது. எப்படிக் கிடைத்தது என்று நான் அவனிடம் கேட்கவில்லை, நீங்களும் என்னிடம் கேட்காதீர்கள். திரையில் ஐந்து கோடு வரும். கோட்டில் மவுஸால் தட்டினால் புள்ளி விழும். புள்ளி என்றால் ட்ரம். பெருக்கல் குறி விழுந்தால் சிம்பல், அதாவது அந்தப் பித்தளைத் தட்டு. எழுதி முடித்துப் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும். வேறென்ன வேண்டும்?

ஜெயராஜை ஒரு பிஸ்கட் டின்னோடு பக்கத்தில் உட்கார வைத்தேன். அவனுக்கு நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது. அவன் தட்டுவான், நான் எழுதுவேன் – அதுதான் திட்டம்.

"இந்த எடத்துல என்ன வாசிச்சே? திரும்பத் தட்டு."

தட்டினான்.

"முதல்ல தட்டினது இது இல்லையே?"

"தெரியலயே டீச்சர். கை போச்சு, நானும் போனேன்."

இப்படி ஒரு வாரம். அவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரித் தட்ட, நான் அதில் நல்லதாகப் பொறுக்கி எழுதினேன். நடுநடுவே கரண்ட் போகும். சேவ் பண்ணாத அத்தனையும் அதோடு போகும். ஒருநாள் ஸ்னேர் ட்ரம்மைத் தெரியாமல் வேறு கோட்டில் வைத்துவிட்டேன். பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் பொலிஸ் விசில் ஊதியது. கணீரென்று, தாளம் தவறாமல், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் சாரத்தைக் கட்டிக்கொண்டு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், பொலிஸ் ரவுண்டப்பா? எல்லாரும் ஐ.சி. எடுத்துக்கிட்டு வெளிய வரணுமா?"

"இல்லங்க. ட்ரம் ஒண்ணு தப்பான கோட்டுல விழுந்துடுச்சு."

அவர் நம்பவில்லை. அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

எப்படியோ முடித்தேன். கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டியபோது, அம்மாடி, ஜெயராஜே கண்ணை மூடிக்கொண்டான். அவன் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் இருந்தது. ரொம்ப மெதுவாக, நமக்கே கேட்காமல் தட்டுவானே, அதுவும் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரிண்ட் எடுத்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் வருகிற பாட்டு மட்டும் பதினொரு பக்கம்.

ஜெயராஜே அந்தக் கட்டைக் கண்டிக்கு எடுத்துப் போனான். வழியில் பஸ்ஸை நிறுத்தினார்களாம். ஆர்மிக்காரர் காகிதங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறார். பக்கம் முழுக்கப் புள்ளியும் பெருக்கல் குறியும். அவர் என்னதான் நினைப்பார், பாவம்? "மே மொகத்த?" – இது என்ன என்று கேட்டிருக்கிறார். சிங்களத்தில் எவ்வளவு விளக்கியும் அவர் முகம் மாறவில்லையாம். கடைசியில் இவன் அங்கே கிடந்த தகர பீப்பாயில் வாசித்துக் காட்டினானாம். பிறகு விட்டுவிட்டார்கள். பஸ்தான் இவனை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அடுத்த நாள் மாஸ்டர் எனக்குப் போன் எடுத்தார். நான் பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

"டீச்சர், நமக்கு கை ரெண்டுதானே? ரெண்டும் வேலையில இருக்கும். காலு ரெண்டும் வேலையில இருக்கும். இந்தப் பேப்பரத் திருப்புறது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததும் வந்தது.

"திருப்பினாலும் நான் எங்க நிக்கிறேன்னு தெரியல. எல்லா பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. பொண்ணு எப்ப வாறா? பாட்டு எங்க ஆரம்பிக்கிது? ஒண்ணும் தெரியல. இது கம்ப்யூட்டர் வாசிக்கிறதுக்கு எழுதினது டீச்சர். மனுசன் வாசிக்கிறதுக்கு எழுதி அனுப்புங்க."

எனக்குக் கோபம் வந்ததே... ஒரு வார உழைப்பு. வாசிக்கத் தெரியாதவருக்கு நொட்டேஷன் எதற்கு என்று வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். போனை வைத்துவிட்டுக் கரண்டி இரண்டை எடுத்து, பதினொரு பக்கத்தையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். நானே வாசித்துக் காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு. இரண்டாவது வரியில் தொலைந்தேன். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் அதே இடத்தில் தொலைந்தேன்.

நான் எழுதியதை எனக்கே வாசிக்க முடியவில்லை. கிழிந்தது போங்கள்.

பார்த்தால் விஷயம் இதுதான். கைக்குத் தனி, காலுக்குத் தனி என்று பிரித்து எழுதினேன் இல்லையா? கால் சும்மா இருக்கிற ஒவ்வொரு நொடிக்கும் மென்பொருள் ஒரு மௌனக் குறி போட்டு வைத்திருந்தது. கைக்கும் அப்படியே. சீனி சிந்தின இடத்தில் எறும்பு மாதிரி பக்கம் முழுக்க மொய்த்துக் கிடந்தது. எது முக்கியம், எது சும்மா தட்டுகிற தாளம் என்று ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருஷம் வாசித்த மனிதருக்கு, சாதாரணத் தாளத்தில் எங்கே காலை அமுக்க வேண்டும் என்று நூறு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சோறு வடிக்கத் தெரிந்தவளிடம் நெருப்புக்குச்சியை எப்படிக் கிழிப்பது என்று சொல்கிற கதை.

நமக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நமக்கு ஏன் இப்படி ஒரு அரிப்பு? கேட்கிறவருக்கு என்ன தேவை என்று யார் யோசிக்கிறோம்? இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் மாதம் ஒரு தடவையாவது என் கட்டுரையின் வாலை வெட்டுவார். நானும் மாதம் ஒரு தடவை அவரைத் திட்டுவேன். இந்த மாதம் திட்டவில்லை.

மறுபடி உட்கார்ந்தேன். தாளத்தை ஒரு தடவை மட்டும் எழுதினேன். அதற்குப் பிறகு சாய்ந்த கோடுகள் – இதே மாதிரி போய்க்கொண்டிரு என்று அர்த்தம். பாட்டில் புதுப் பகுதி ஆரம்பிக்கிற இடமெல்லாம் புது வரியில் ஆரம்பிக்கிற மாதிரி வைத்தேன். எல்லாரும் சேர்ந்து நிறுத்துகிற இடம், சேர்ந்து அடிக்கிற இடம் – அதை மட்டும் புள்ளி புள்ளியாக எழுதினேன். நஸீர் நானா பாட ஆரம்பிக்கிற இடத்தில் அவருடைய மெட்டைச் சின்ன எழுத்தில் மேலே போட்டேன், காதில் விழுந்ததும் இடம் தெரிந்துகொள்ளட்டும் என்று. 'பெண் உள்ளே வருகிறாள்' என்று சிங்களத்தில் அடிக்கப் பார்த்தேன். மென்பொருள் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் துப்பியது. போ என்று பேனையால் எழுதிவிட்டேன்.

ஒரு பக்கம். பாட்டுக்கு ஒரே ஒரு பக்கம். எனக்கே நிம்மதியாக மூச்சு வந்தது.

அதை ஜெயராஜிடம் காட்டினேன். முன்னால் பார்த்தான், பின்னால் திருப்பிப் பார்த்தான்.

"மிச்சம் எங்க டீச்சர்?"

"இவ்வளவுதான்."

"இந்தச் சாஞ்ச கோடெல்லாம் என்னா?"

"அங்கெல்லாம் சும்மா தாளம் போட்டுக்கிட்டு இருக்கணும்."

"சும்மாவா?" அவன் குரல் உடைந்துவிட்டது. "நான் அந்த எடத்துல எவ்வளவு வேல பாக்குறேன். எட்டு வருஷமா நான் வாசிச்சத நாலு கோட்டப் போட்டு முடிச்சிட்டீங்களே. இத அவரு வாசிச்சா என்னால ஒக்கார முடியாது டீச்சர். சொல்லிட்டேன், அப்புறம் என்மேல கோவிச்சுக்காதீங்க."

பிறகு சந்தையில் மரக்கறி பேசுகிற மாதிரிப் பேரம் பேசினான். அங்கே ஒரு ட்ரம் உருட்டு, இங்கே ஒரு உருட்டு... கடைசியில் ரீட்டா வாசலில் கால் வைக்கிற இடத்தில் ஒன்றே ஒன்று போட்டுக் கொடுத்தேன். அரை மனதோடு போனான். காகிதத்தை எழுதியவள் நான். இவன் எழும்பினால் ரீட்டாவின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

கல்யாணம் வந்தது. காலையில் வஹகோட்டை வேதக் கோயிலில் கல்யாணப் பூசை, பகலுக்கு மாத்தளையில் மண்டபம். மாஸ்டர் வருகிற நேரத்துக்கு வரவில்லை. வேனை மறித்து, ட்ரம்களை ஒவ்வொன்றாக இறக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று தட்டிப் பார்த்தார்களாம். மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் வந்து இறங்குகிற நேரம்தான் அவர் ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார். வணக்கம் சொல்லக்கூட நேரமில்லை. நான் அனுப்பியிருந்த காகிதங்களை ஸ்டாண்டில் வைத்தார், கண்ணாடியைப் போட்டார், எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஆரம்பித்தோம். என் கீபோர்டில் என் விரல் வழுக்கியது, அவ்வளவு வியர்வை. ரீட்டா வாசலில் கால் வைத்தாள். உருட்டு, சரியாக அந்த இடத்தில் விழுந்தது. ஜெயராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான், காதை மட்டும் எங்கள் பக்கம் கொடுத்துக்கொண்டு. ஒரு இடத்திலும் தவறவில்லை. வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்தது நஸீர் நானாவின் மெதுவான பாட்டு. ஜெயராஜ் அதிகம் வேலை பார்க்கிற பாட்டு அதுதான். நான் அவன் வலது காலைப் பார்த்தேன். முன்வரிசையில் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவரும் அதே காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் சாய்ந்த கோடுகளை வாசித்தார். சும்மா தாளம். மெல்லிய தாளம். மாப்பிள்ளையின் கால் ஆடியது. பிறகு வேகமாக ஆடியது. பிறகு... நின்றுவிட்டது. ஜெயராஜ் கதிரையை விட்டு எழும்பினான்.

ரீட்டா அவன் கோட்டைப் பிடித்தாள், நழுவிவிட்டது. கணக்கப்பிள்ளை எழும்பினார். நான் தப்பான சுரத்தில் விரலை வைத்தேன். மாப்பிள்ளை நேராக எங்களை நோக்கி வந்தான்.

பாதி வழியில் நின்றான். மண்டபத்துக்கு நட்டநடுவில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மாமனார் வந்து அவன் முழங்கையைப் பிடித்தார்.

"எங்க போறீங்க மாப்பிள்ளை?"

"எங்கயும் போகல மாமா. கேக்குறேன்."

"என்னத்த?"

"நம்ம நானா பாடுறத. இத்தன வருஷமா பின்னால இருந்துட்டேன், முன்னாலருந்து கேட்டதே இல்ல. இந்தப் பாட்டுல இவ்வளவு வார்த்தை இருக்கா மாமா?"

இருந்தது. மகளை அனுப்பிவிட்டு வெறும் வீட்டுக்குத் திரும்புகிற ஒரு தகப்பனைப் பற்றிய பாட்டு அது. எட்டு வருஷமாக ஜெயராஜின் ட்ரம்ஸுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. கணக்கப்பிள்ளை பிடித்த கையை விடவில்லை. விடாமலே மகளைத் திரும்பிப் பார்த்தார். கைக்குட்டையைத் தேடினார். மருமகன்தான் தன்னுடையதை எடுத்துக் கொடுத்தான். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? ரீட்டாவும் எழும்பி வந்து இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

பாட்டு முடிந்ததும் ஒரு பெரியவர் மேடைக்கு வந்து நஸீர் நானாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு என்னிடம் கேட்டார்.

"நல்லா பாடுறாரும்மா. பழைய பாடகர மாத்திட்டீங்களா?"

நஸீர் நானா அன்றைக்குப் பிரியாணி இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

முந்தாநாள் ஜெயராஜும் ரீட்டாவும் விருந்துக்கு என் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஜெயராஜ் கம்ப்யூட்டர் பக்கத்தில் போய் நின்று நெளிந்தான்.

"டீச்சர், மாஸ்டருக்குக் குடுத்தீங்களே, அந்த மாதிரி எல்லாப் பாட்டுக்கும் எனக்கும் எழுதித் தாங்களேன்."

"உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதேப்பா?"

"வாசிக்கிறதுக்கு இல்ல டீச்சர். எங்கெங்க சும்மா இருக்கணும்னு பாத்துக்கிறதுக்கு."

கழுவின தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ரீட்டா நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுக்கும் அப்படி ஒண்ணு எழுதிக் குடுங்க டீச்சர்."